குழாயில் தண்ணீர் இல்லை, வாஷர் எதற்கு?

வாணியம்பாடித் தோல் கப்பலேறிப் போய் டாலராகத் திரும்பிக்கொண்டிருந்த 1980-களில், அதே ஊரில் இருந்த எங்களுக்கு அரை அங்குல இரும்புத்தூள் வளையம் வாங்க ஒரு டாலர் கிடைக்கவில்லை. வளையத்தின் விலை என்னவோ ஒரு டாலருக்கும் கீழேதான். ஆனால் 1973-ஆம் வருடத்து அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நல்ல உடல்நலத்தோடு இருந்தது. பள்ளிக்கூடப் பையன் அமெரிக்கக் கம்பெனிக்குப் பணம் அனுப்பி, ‘சிவப்பு வளையம் பத்து அனுப்பவும்’ என்று எழுத அதில் இடமில்லை. என் அப்பா ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், கணக்கு எழுதினார். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கின் எல்.சி. என்கிற வங்கிக் காகிதங்கள் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும்.

“அத்தனை டாலர்ல எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பா.”

“அதெல்லாம் கவர்மென்ட்டு டாலர்டா. நான் எழுதத்தான் எழுதறேன், இன்னும் ஒண்ணைக்கூடக் கண்ணால பார்த்ததில்ல.”

அந்த வளையம் எதற்கு என்று கேட்பீர்கள். ரேடியோ கட்டுகிற பைத்தியம் பிடித்தவர்களுக்குச் சுருள் இல்லாமல் காரியம் நடக்காது. கம்பியை நேரான குழாயில் சுற்றினால் காந்தப்புலம் இரண்டு பக்கமும் வெளியே வழியும். பக்கத்துச் சுருளோடு அது சண்டைக்குப் போகும். கையை அருகில் கொண்டுபோனால் ஸ்டேஷன் நகர்ந்துவிடும். கம்பியை வளையத்தில் சுற்றினால் புலம் வளையத்துக்குள்ளேயே ஓடி அடங்கிவிடுகிறது. தகர மூடி வேண்டாம், இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். இதற்கென்றே அமெரிக்காவில் நிறம் பூசிய வளையங்கள் விற்றார்கள். டி-50-2 என்றால் வெளிவிட்டம் அரை அங்குலம், இரண்டாம் நம்பர் கலவை, பூச்சு சிவப்பு. அதில் 20 சுற்று சுற்றினால் ஏறக்குறைய 2 மைக்ரோஹென்றி. 40 சுற்றினால் அது இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். இந்தக் கணக்கெல்லாம் ஜெராக்ஸின் ஜெராக்ஸாக வந்த ஒரு தாளில் இருந்தது. வளையத்தைப் பார்க்காமலேயே அதன் குணநலன் முழுவதும் எங்களுக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் பெண் பார்க்காமலே நிச்சயம் செய்த கல்யாணங்கள்கூட இந்த அளவுக்கு விசாரித்து நடந்திருக்காது.

எங்கள் தலைக்கு மேலே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து 93 அங்குலத் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். அந்தக் கண்ணாடியை இந்தியாவிலேயே தேய்த்துச் செய்தார்கள். 93 அங்குலத்துக்கு நாடு தயாராகிவிட்டது. அரை அங்குலத்துக்குத்தான் ஆகவில்லை.

வாணியம்பாடியின் அதிர்ஷ்டம், ரயிலில் எந்தப் பக்கம் ஏறினாலும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தெருவில் போய் இறங்கலாம். கிழக்கே சென்னை ரிச்சி தெரு, மேற்கே பெங்களூர் எஸ்.பி. ரோடு. இரண்டு இடத்திலும் ரெசிஸ்டர் நூறு நூறாகக் கிடைக்கும், டிரான்சிஸ்டர் கிடைக்கும், வளையமும் கிடைக்கும். ‘ரிங் கோர்’ என்று கேட்டால் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். எல்லாம் கருப்பு ஃபெரைட். என்ன கிரேடு என்று கேட்டால், “பிளாக் கிரேடு சார்” என்பார் கடைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். வகை தெரியாத ஃபெரைட்டில் ஆஸிலேட்டர் சுருள் சுற்றினால் அறைச் சூட்டுக்குத் தகுந்தபடி அலைவரிசை ஊர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர் வெயிலில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கிடைத்ததில் எல்லாம் சுற்றினோம். ஊசி போட்டு எறிந்த சிரிஞ்சு, பால்பாயின்ட் பேனாக் கூடு, ஃபோட்டோ ஸ்டூடியோவில் குப்பையில் போட்ட ஃபிலிம் டப்பா, பி.வி.சி. பைப் துண்டு. இன்று இதையெல்லாம் ‘கையால் செய்யும் கலை’ என்று உருகி உருகிப் பேசுகிற என் வயதுக்காரர்கள், ரெடிமேட் காயில் கிடைத்திருந்தால் ஒருவரும் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்க மாட்டார்கள். நான் உட்பட.

கம்பிக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமே இருந்ததில்லை. அதற்குப் பாலாற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பாதி பதனிட்ட தோலை அனுப்பிக்கொண்டிருந்த ஊர் இது. 1972-இல் சீதாராமையா கமிட்டி, தோலை அப்படி அரைகுறையாக அனுப்பாமல் முழுசாகப் பதனிட்டு அனுப்பினால்தான் நாட்டுக்கு லாபம் என்றது. அரசும் அதன்படியே கடிவாளம் போட்டது. பட்டை போய்க் குரோமியம் வந்தது, லாபமும் வந்தது, கழிவு ஆற்றுக்கு வந்தது. ஊற்றுத் தோண்டிக் குடித்த ஆற்றங்கரையில் ஆழ்குழாய்க் கிணறு போட ஆரம்பித்தார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரும் இறங்கியது. வோல்டேஜும் தன் பங்குக்கு இறங்கியது. அப்புறம் மோட்டார் புகையாமல் என்ன செய்யும்? தெருவுக்குத் தெரு மோட்டார் காயில் கட்டும் கடை முளைத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைப் பாடமாக நடத்துகிறார்கள். ஆற்றுக்கு அதனால் தண்ணீர் வந்துவிடவில்லை. காயில் கட்டும் கடைகளும் குறையவில்லை.

அப்படி ஒரு கடை பாய்தான் எங்களுக்குக் கம்பி தந்தவர்.

“பாய், 26 கேஜ் ஒயர் ரெண்டு மீட்டர் வேணும்.”

“மீட்டரா? இன்னா தம்பி, இது துணிக்கடையா? ஒயர் கிலோ கணக்குதான்.”

“எனக்கு இத்தினியூண்டு காயில்தான் பாய் கட்டணும்.”

“எத்தினி ஹெச்.பி. மோட்டார்?”

ரேடியோ என்று சொன்னதும் பரிதாபப்பட்டு, ஸ்பூலின் அடியில் மிஞ்சிய கம்பியை அப்படியே உருவிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். ஒரே தொல்லை, மோட்டார்க் கம்பியின் எனாமல் சூடு தாங்குவதற்கென்றே பூசியது. சால்டரிங் அயர்னை வைத்தால் உருகாது, நுனியைப் பிளேடால் சுரண்டியே ஆக வேண்டும். சரியாகச் சுரண்டாத நுனியில் ஈயம் முத்துப்போல் உட்கார்ந்திருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. ரேடியோ ஏன் பேசவில்லை என்று ராத்திரி முழுக்க வேறு எங்கெங்கோ தேட வைக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு.

1990-களில் ஒருமுறை வளையம் கைக்கு எட்டும் தூரம் வரை வந்தது. கூட்டாளி ஒருவனின் தகப்பனார் தோல் கண்காட்சிக்கு ஹாங்காங் போனார். ஷாம் ஷுய் போவில் அப்லியூ தெரு என்று ஒன்று உண்டு, எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் நடைபாதையிலேயே கிடக்கும் என்று எங்கோ படித்திருந்தோம். சீட்டில் எழுதிக் கொடுத்தோம்: சிவப்பு, வட்டம், நடுவில் ஓட்டை, வெளிவிட்டம் அரை அங்குலம். பெரிய மனிதர், வியாபாரத்துக்கு நடுவில் அலைந்து திரிந்து ஒரு பொட்டலம் நிறைய வாங்கி வந்தார். பிரித்தால் சிவப்பு ரப்பர் ஓ-ரிங். உயர்ந்த சாமான். “நீங்க எழுதினதுல எது தப்பு, சொல்லுங்க” என்றார். ஒன்றும் தப்பில்லைதான். அவை அவர்கள் ஷாப்பில் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே துப்பாக்கிக்கு அளவாக இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

கடைசியில் வழி காட்டியது ஹைதராபாத். அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம் ரேடியோக்காரர், அழைப்புக்குறி வி.யூ.2 ஈ.எஸ்.ஈ., 2000-களின் தொடக்கத்தில் ‘பிட்எக்ஸ்’ என்ற, பேசவும் கேட்கவும் உதவுகிற டிரான்சீவரை வடிவமைத்து எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். இந்தியக் கடைவீதியில் கிடைக்கிற சாமானை வைத்தே செய்து முடிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். டிரான்ஸ்ஃபார்மருக்கு டிவி ஆன்டெனாவின் ‘பேலன்’ (balun) கோர். கேபிள் டிவி வந்த பிறகு மொட்டைமாடிகளில் அநாதையாக நின்ற ஆன்டெனாக்களில் அது தாராளமாகக் கிடைத்தது. சுருளுக்கோ, குழாயில் போடுகிற நைலான் வாஷர்! எட்டணா சாமான். இருபது வருடமாக எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடையில் அது டப்பா டப்பாவாக இருந்திருக்கிறது. நைலானில் இரும்பு இல்லையே என்றால், இல்லைதான். இரண்டாம் நம்பர் கலவை காந்தத்தைப் பத்து மடங்கு தாங்கிப் பிடிக்கும். நைலானுக்கும் காற்றுக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசமில்லை. அதனால் அதே அளவு நைலான் வளையத்தில் மூன்று மடங்குக்கும் சற்று மேலாகச் சுற்ற வேண்டும். ஆனால் காந்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத பொருள் என்பதால் கருப்பு ஃபெரைட்டைவிடச் சூட்டுக்கு அது குணம் மாறுவது குறைவு.

ஹார்டுவேர் கடையில் இரண்டு டஜன் வாஷர் கேட்டபோது கடைக்காரர் கேட்ட கேள்வி நியாயமானது.

“எந்த ஊட்டுக் கொழாய்ல தண்ணி வருது, வாஷர் மாத்தறதுக்கு?”

எங்கள் கூட்டத்தில் ஒருவன், தோல் ஊரில் பிறந்துவிட்டு நைலானில் சுற்றுவதா என்று ரோஷப்பட்டு, கைப்பம்புக்குப் போடுகிற தோல் வாஷரில் சுற்றினான். அது வேலை செய்தது, அதுதான் வேடிக்கை. சித்திரையில் ஒரு ஸ்டேஷன், கார்த்திகையில் வேறு ஸ்டேஷன். தோல் ஈரத்தைக் குடித்து, வெயிலில் கக்கி, தானாக அலைவரிசையை மாற்றிக்கொண்டது. ரேடியோ கெட்டுவிட்டதென்று அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை; மழை வரப்போகிறது என்பான்.

மூன்று மடங்கு சுற்று என்றவுடன்தான் உண்மையான பிரச்சினை வந்தது. நேர்க்குழாயில் கம்பியைச் சும்மா உருட்டிச் சுற்றிவிடலாம். வளையத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முழுவதையும் ஓட்டைக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய இடத்தில் எனாமல் உரியும், பாதியில் ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டால் எண்ணிக்கை மறந்துபோகும். புதிதாகச் சுற்றுபவர்கள் வெளிப்பக்கத்தில் தெரிகிற கம்பிகளை எண்ணிவிட்டு ஒன்று குறைத்தோ கூட்டியோ கணக்குச் சொல்வார்கள். ஓட்டை வழியாகக் கம்பி எத்தனை தரம் போனதோ அதுதான் சுற்று. ஒருமுறை நுழைத்து எடுத்தாலே ஒரு சுற்று ஆகிவிட்டது.

எங்கள் எதிர்வீட்டு அக்கா ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைப்பவர். ஏஜென்ட் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். ஓட்டை போட்ட தோல் துண்டுகளை மெழுகு நூலால் கையாலேயே கோத்து இழுத்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் நடக்கிற வேலை. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து வாஷரோடு மல்லுக்கட்டுவதை ஒருநாள் பார்த்துக்கொண்டே இருந்தவர், பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தார்.

“இது இன்னா செருப்புக்குடா?”

“செருப்புக்கு இல்லக்கா, ரேடியோவுக்கு.”

“எதுக்கோ ஒண்ணு. இப்பிடியா இழுப்பாங்க? குடு.”

முதல் காரியமாகக் கம்பியின் நடுப்பாகத்தைக் கண்டுபிடித்து, அதை ஓட்டையில் வைத்து, அங்கிருந்து ஒரு பக்கமாகப் பாதி, மறுபக்கமாகப் பாதி சுற்றினார். இழுக்க வேண்டிய கம்பியின் நீளம் அப்போதே பாதியாகிவிட்டது. நூல் தைக்கிறவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லை; எங்கள் ஜெராக்ஸ் தாளில் இல்லாத பாடம். இடது கட்டைவிரலால் ஒவ்வொரு சுற்றையும் பதிய அழுத்தி, வலது கையால் இழுத்தார். கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. கடைசியில் வளையத்தைச் சுற்றி மூடிவிடாமல் ஓரளவு இடம் விட வேண்டும், தொடக்கமும் முடிவும் ஒட்டியிருந்தால் தொல்லை என்று நாங்கள் விளக்க ஆரம்பித்தபோது, அவர் இடம் விட்டே முடித்திருந்தார். எத்தனை சுற்று என்றதற்கு உடனே பதில் வந்தது. எண்ணியது ஓட்டையைத்தான். தையல்காரிக்கு வேறு எதை எண்ணத் தெரியும்?

பிட்எக்ஸில் மூன்று கம்பிகளைச் சேர்த்து முறுக்கிச் சுற்றுகிற டிரான்ஸ்ஃபார்மர்களும் உண்டு. கைத்துளைப்பானில் கம்பிகளை மாட்டி முறுக்குவது நாங்கள். சுற்றி முடித்ததும் ஆறு நுனிகள் ஒரே நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எது எதனுடைய மறுநுனி என்று மல்டிமீட்டரை வைத்துத் தேடுவது ஒரு தனித் தண்டனை. அக்கா சுற்றும் முன்பே நுனிகளில் முடிச்சுப் போட்டார். முதல் கம்பிக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. மல்டிமீட்டர் பெட்டிக்குள் போயிற்று. மேலே அசையாமல் இருக்க நாங்கள் நகப்பாலிஷ் தேடினோம். அவர் தையல் மெழுகைத் தேய்த்துவிட்டார்.

மறுநாள் ஒரு கேள்வி கேட்டார். “ஒரு வளையத்துக்கு எவ்ளோ குடுப்பே?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு அது வேலை, எங்களுக்கு அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குக் கூலி உண்டு என்று எந்த எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் அவர் வீட்டு டேப் ரெக்கார்டரை ரிப்பேர் செய்து கொடுத்துக் கணக்கை நேர் செய்தோம். யாருக்கு லாபம் என்று கேட்காதீர்கள்.

அதன் பிறகு படித்ததில்தான் தெரிந்தது, இந்தக் கதை எங்கள் திண்ணையோடு முடிவதில்லை என்று. வளையச் சுருளின் கொள்ளுத்தாத்தா லண்டனில் இருக்கிறது. 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டு மற்றதில் எடுத்தார். எனாமல் கம்பி இல்லாத காலம். சுற்றுக்குச் சுற்று நூலும் துணியும் வைத்துப் பிரித்திருக்கிறார். அந்த மனிதர் சுற்றியதைத் தானே சுற்றினார், பெயரும் அவருக்கே கிடைத்தது. அதன்பின் அப்படி நடக்கவில்லை. சிலிக்கான் நினைவகம் வருவதற்கு முன் கம்ப்யூட்டரின் ஞாபகமெல்லாம் கடுகளவு ஃபெரைட் வளையங்களில் இருந்தது. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டிஃப்ராக் கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். வளையங்களுக்குள் கம்பி கோப்பது ஊசியும் நூலும் பழகிய கைகளின் வேலை. நிலவுக்குப் போன அப்பல்லோவின் கம்ப்யூட்டர் நிரலையே மாசசூசெட்ஸில் ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள் வளையங்களுக்குள்ளும் வெளியிலுமாகக் கம்பியால் நெய்தார்கள். நிலவில் கால் வைத்தவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

ஃபர்ஹானும் பின்னால் பிட்எக்ஸைப் பலகையாகவே செய்து உலகம் முழுக்க அனுப்ப ஆரம்பித்தார். வளையங்களைச் சுற்றியது ஹைதராபாத்துப் பெண்களின் குழு. அதை அவர் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்ற என்ஜினீயர்கள் அந்தப் பலகையைப் பிரித்துப் பார்த்து, சுற்று எவ்வளவு ஒழுங்கு என்று வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. எதிர்வீட்டைப் பார்த்தவன்.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். பொறியியல் படிக்கிற என் கூடப்பிறந்த அக்காவின் மகன் ராத்திரி படுத்துக்கொண்டே செல்போனில் சிவப்பு வளையம் ஆர்டர் செய்கிறான். வாரம் முடிவதற்குள் கூரியர் பையன் வாசலில் நிற்கிறான். அந்நியச் செலாவணி யாருக்கும் நினைவில்லை. சுருளை அளக்க உள்ளங்கை அளவில் நானோ-வி.என்.ஏ. என்று ஒரு கருவி வைத்திருக்கிறான். என் காலத்தில் அந்த வேலையைச் செய்யும் இயந்திரம் ஆராய்ச்சிக்கூடத்தில் மேஜை முழுக்கப் பரந்திருக்கும், விலை லட்சங்களில். அதை வைத்து அளந்துவிட்டு, “மாமா, 20 சுத்துக்கு 2 மைக்ரோஹென்றின்னீங்களே, இது வேற எதையோ காட்டுது” என்றான். வளையம் போலி. சிவப்புப் பூசியதெல்லாம் இரண்டாம் நம்பர் ஆகிவிடாது. எங்களுக்கு அசல் கிடைக்காத கவலை இருந்தது. அவனுக்கு எது அசல் என்ற கவலை. அவன் கவலைதான் பெரிது என்று நினைக்கிறேன். எங்கள் வாஷர் ஒருநாளும் தன்னை டி-50-2 என்று சொல்லிக்கொண்டதில்லை.

நல்ல வளையம் ஓசியிலும் கிடைக்கிறது, யாரும் சீண்டுவதில்லை. செத்துப்போன சி.எஃப்.எல். பல்பின் அடிப்பகுதியில் ஒரு குட்டி ஃபெரைட் வளையம் உண்டு. கம்ப்யூட்டரின் பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் மஞ்சள் உடம்பும் வெள்ளை முகமுமாக இரும்புத்தூள் வளையம் இருக்கும். 2012 வாக்கில் மாவட்டங்களில் மின்சாரம் வந்தால் செய்தி, போனால் வழக்கம் என்று இருந்தபோது, அந்தக் குட்டி வளையத்தில் இரண்டு கம்பியைச் சேர்த்துச் சுற்றி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர் போட்டு, சுவர்க்கடிகாரம் தள்ளிவிட்ட செல்லில் எல்.இ.டி. எரித்தோம். ‘ஜூல் தீஃப்’ என்ற சர்க்யூட். அறைக்கு அது போதாது, ஊசியில் நூல் கோக்கப் போதும். எதிர்வீட்டில் ஒன்று இருந்தது. கட்டு முடித்து ஏஜென்டிடம் கொடுக்கிற நாளை மின்வாரியத்தைக் கேட்டு வைப்பதில்லையே.

போன வருடம் மருமகன் கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஒரு மூட்டை வளையம் சுற்ற வேண்டியிருந்தது. இரண்டு வளையத்தோடு அவன் விரல் ஓய்ந்தது. மென்பொருளில் அந்தச் சுருளின் காந்தப்புலத்தை வண்ண வண்ணமாக வரைந்து வைத்திருந்தான். கம்பிதான் உள்ளே போகவில்லை. எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனேன். அக்காவுக்கு இப்போது கண்ணில் சரியாகத் தெரிவதில்லை, மருமகள் தைக்கிறாள். அக்கா வளையத்தைத் தடவிப் பார்த்து, கம்பியின் நடுவைப் பிடித்து மருமகள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்: “ஒண்ணுக்கு எவ்ளோ?”

“உங்க பேரைப் போட்டு யூடியூப்ல வீடியோ போடறேன் பாட்டி, உலகமே பார்க்கும்.”

“பார்க்கட்டும். ஒண்ணுக்கு எவ்ளோ?”

ஆம்பூர்ப் பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்களைப் பற்றி 2016-இல் வந்த ஓர் ஆய்வறிக்கை, ஒரு ஜோடி அப்பருக்குக் கிடைக்கும் கூலி பத்து ரூபாய்க்கும் கீழே என்றது. வெளிநாட்டுக் கடையில் ‘கையால் தைத்தது’ என்று சீட்டு ஒட்டி அந்த ஷூவின் விலையை ஏற்றுகிறார்கள். கைக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மதிப்பு இருக்கிறது, அது கைக்கு வந்து சேர்வதில்லை. மருமகனிடம் ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடி அப்பரின் கூலி என்று பேசி முடித்தேன். கொள்ளை என்றான். பீட்சாவின் விலையைக் கேட்டேன், அடங்கிவிட்டான்.

வளையம் சுற்ற ஆள் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜினீயரிங் கல்லூரிப் பக்கம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ அப்பர் தைக்கிற திண்ணையாகப் பார்த்துப் போய்க் கேளுங்கள். கம்பியை நீங்களே வெட்டிக் கொண்டுபோங்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். டேப் ரெக்கார்டர் ரிப்பேர் இப்போது செல்லாது.